லண்டன்வாசியின் மதுரை வீட்டுக்கும் வாரிசுரிமை வரி உண்டா?

கேள்வி: 24 ஆண்டுகளாக லண்டனில் வசிக்கிறேன். பிரிட்டிஷ் குடியுரிமையும், வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கான ஓ.சி.ஐ. அட்டையும் வைத்திருக்கிறேன். என் மனைவி 2021இல் காலமானபோது அவருடைய பங்கு முழுவதும் எனக்கே வந்தது. ஈஸ்ட் ஹாம் வீடு 7,20,000 பவுண்டு பெறும். சேமிப்பு 1,60,000 பவுண்டு. மதுரையில் அப்பா வழியில் வந்த வீடும் வாடிப்பட்டிப் பக்கம் உள்ள வயலும் சேர்ந்து 2,00,000 பவுண்டு இருக்கும். எல்லாம் லண்டனில் இருக்கும் என் ஒரே மகளுக்குத்தான். இந்தியாவில் வாரிசுரிமை வரியே இல்லாததால் ஊர்ச் சொத்தைக் கணக்கில் காட்ட வேண்டாம் என்கிறார்கள் நண்பர்கள். அது சரியா? மதுரையில் 2016இல் பதிவுசெய்த உயிலின் நகலையும், 2022இல் லண்டனில் எழுதிய உயிலின் நகலையும் இணைத்துள்ளேன்.

பதில்: நண்பர்கள் சொல்வதில் பாதிதான் சரி. இறந்தவரின் சொத்து மீதான எஸ்டேட் டியூட்டி என்ற வரியை இந்தியா 1985இலேயே எடுத்துவிட்டது. ஆனால் பிரிட்டன் சொத்து எங்கே இருக்கிறது என்பதைவிட, அதற்கு உரியவர் எங்கே வாழ்ந்தார் என்பதையே முதலில் பார்க்கிறது. 2025 ஏப்ரல் 6 முதல், முந்தைய 20 வரி ஆண்டுகளில் 10 ஆண்டுகளாவது அங்கே வசித்தவருக்கு உலகில் எங்கிருக்கும் சொத்தும் வரிக்கு உட்பட்டது. 20 ஆண்டுகளுக்கு மேல் இருந்துவிட்ட நீங்கள் நாளையே மதுரைக்குத் திரும்பினாலும், அந்தப் பொறுப்பு மேலும் 10 வரி ஆண்டுகள் உங்களைத் தொடரும்.

உங்கள் கணக்கையே போட்டுப் பார்ப்போம். உங்களுக்குரிய விலக்கு 3,25,000 பவுண்டு. குடியிருந்த வீடு பிள்ளைக்குப் போவதால் மேலும் 1,75,000. மனைவி பயன்படுத்தாத அதே அளவு விலக்கையும் கோரலாம் என்பதால் மொத்தம் 10 லட்சம் பவுண்டு. மூன்றையும் கூட்டினால் சொத்து 10,80,000 ஆகிறது. மிஞ்சும் 80,000க்கு 40 சதவீதம், அதாவது 32,000 பவுண்டு வரி. ஊர்ச் சொத்து கணக்கில் வராவிட்டால் வரியே இல்லை.

அதற்கு ஒரு வழி உண்டு. எஸ்டேட் டியூட்டி போன பிறகும், இந்தியாவும் பிரிட்டனும் 1956இல் செய்துகொண்ட ஒப்பந்தம் இன்றும் நடைமுறையில் இருக்கிறது. இந்தியாவை டொமிசைலாக, அதாவது சட்டப்படி நிலையான தாயகமாகக் கொண்டு இறந்தவரின் பிரிட்டனுக்கு வெளியே உள்ள சொத்து, பிரிட்டிஷ் சட்டத்துக்கு உட்பட்ட உயிலின் வழியாகக் கைமாறாத வரை, அங்கே வரிக்கு உட்படாது. குடியுரிமை மாறியதால் மட்டும் டொமிசைல் போய்விடாது. ஊர் திரும்பி நிலையாக வாழும் எண்ணம் உண்மையில் இருந்ததா என்பதே கேள்வி. மதுரை வீட்டைப் பூட்டி வைத்துப் பராமரிப்பது, ஊர் வங்கிக் கணக்கு, திரும்பும் திட்டத்தைச் சொல்லும் கடிதங்கள் ஆகியவை சான்றாகும். லண்டனிலேயே கடைசிவரை இருப்பது என்று முடிவெடுத்துவிட்டால் இந்த வாதம் நிற்காது என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

எனக்குக் கவலை தந்தது உங்கள் லண்டன் உயில்தான். அதன் முதல் வரி, முன்பு எழுதிய உயில்கள் அனைத்தையும் ரத்து செய்கிறது; அடுத்த பத்தி, உலகில் எங்கிருந்தாலும் உங்களுக்குரிய சொத்துகள் எல்லாவற்றையும் மகளுக்கு எழுதுகிறது. அந்த ஒரு வரி மதுரை உயிலைச் செல்லாததாக்கிவிடும். இந்திய வீட்டையும் பிரிட்டிஷ் உயிலுக்குள் இழுத்து, ஒப்பந்தப் பாதுகாப்பையே பறித்துவிடக்கூடும். ஆகவே லண்டன் உயிலைப் பிரிட்டனில் உள்ள சொத்துக்கு மட்டும் எனத் திருத்தி எழுதுங்கள். இந்தியச் சொத்துக்கு இந்தியச் சட்டப்படி, இரண்டு சாட்சிகளுடன் தனி உயில் எழுதிச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவுசெய்யுங்கள். ஒன்று மற்றொன்றை ரத்து செய்யாது என்று இரண்டிலும் எழுதவேண்டும்.

உயிருடன் இருக்கும்போதே தானப்பத்திரம் எழுதுவதானால் ஒப்பந்தம் உதவாது; அது இறப்பின்போது கைமாறும் சொத்துக்கு மட்டுமே பொருந்தும். தானமாகக் கொடுத்த சொத்து வரியிலிருந்து தப்ப, எழுதிய பின் 7 ஆண்டுகள் நீங்கள் உயிருடன் இருக்க வேண்டும். வாடகையை நீங்களே வாங்கிக்கொண்டிருந்தாலோ, மாதக்கணக்கில் அங்கே குடியிருந்தாலோ கொடுத்ததாகவே கொள்ளமாட்டார்கள். மகளும் ஓ.சி.ஐ. என்றால் வயலை அவருக்குத் தானமாக எழுத அந்நியச் செலாவணி விதிகள் இடம் தருவதில்லை. உங்களுக்குப் பின் உயில் வழியாகவோ வாரிசுரிமையாகவோதான் அது அவரைச் சேர முடியும்.

பிரிட்டனில் உங்களுக்குத் தனியார் ஓய்வூதிய நிதி இருந்தால் உயில்களைத் திருத்தும்போதே அதையும் சொல்லிவிடுங்கள். எடுக்காமல் விட்ட தொகை 2027 ஏப்ரல் 6 முதல் இந்தக் கணக்கில் சேரவிருக்கிறது. அப்போது மேலே போட்ட 32,000 இன்னும் கூடும்.