மாடிப்படி ஏறி வரும் ஃபிளாஸ்க்

கேள்வி: 2300-இல் செவ்வாய் கிரகத்தில் நடக்கும் அறிவியல் புனைகதை நாவல் ஒன்றை இரண்டு வருடமாக எழுதுகிறேன். மூளையில் பதித்த சில்லின் விலையைப் பொறுத்து மக்கள் ஐந்து தட்டாகப் பிரிந்திருக்கிறார்கள். முதல் தட்டு கண்ணாடிக் கோபுர உச்சியில், ஐந்தாம் தட்டு நிலத்தடியில். படித்த நண்பர்கள், “இந்தச் சமூகம் நம்பும்படி இல்லை” என்கிறார்கள். ஆபீஸ் முடிந்து வந்து மாடி அறையில் ராத்திரி இரண்டு மணி வரை எழுதுகிறேன். அம்மாவுக்கு முட்டிவலி, ஆனாலும் பதினொரு மணிக்கு ஃபிளாஸ்க்கில் காபி கொண்டுவந்து வாசலில் வைத்துவிட்டுச் சத்தமில்லாமல் இறங்கிவிடுவார். எங்கே தவறுகிறேன்?
(பெயர் வேண்டாம்)

பதில்: தம்பி, அந்த “ஆனாலும்” என்ற சொல்லில் தவறுகிறீர்கள். முட்டிவலிக்காரரைத் தினமும் மாடி ஏற வைத்துவிட்டு, அதை உங்கள் எழுத்துப் பழக்கத்தில் ஒன்றாக எழுதியிருக்கிறீர்கள். பெற்றவளின் வலி ஒரு காற்புள்ளியோடு முடிந்துவிட்டது. உங்கள் செவ்வாய் நகரத்திலும் இதேதான் நடந்திருக்கும். ஐந்தாம் தட்டு மக்கள் கலகம் செய்கிற அத்தியாயத்தில் மட்டும் வருவார்கள். அதற்கு முந்தின நாள் காலையில் அவர்கள் என்ன வேலை செய்தார்கள் என்று எங்காவது எழுதினீர்களா?

சில்லின் விலையைத் தள்ளி வையுங்கள். ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்குச் சுமார் 0.84 கிலோ ஆக்சிஜன் வேண்டும். குடிக்க, சமைக்க, உடம்பு துடைக்க, சிக்கனமாகப் பார்த்தாலும் நாலு லிட்டருக்குக் கொஞ்சம் குறைவாகத் தண்ணீர் வேண்டும். அதை யார் தருகிறார்கள்? சர்வதேச விண்வெளி நிலையத்துக்கு 2008-இல் சிறுநீரைக் குடிநீராக்கும் கருவி போனது. எடையற்ற நிலையில் எலும்பிலிருந்து கால்சியம் கரைந்து சிறுநீரில் கலக்கிறது. சிறுநீர் கெடாதிருக்கச் சேர்த்த கந்தக அமிலத்தோடு அது சேர்ந்து கால்சியம் சல்பேட்டாகப் படிந்து, வடிக்கும் பாகத்தையே அடைத்தது. 85 சதவீதம் நீரை மீட்க வேண்டிய கருவியை எழுபது சொச்சத்துக்கு இறக்கித்தான் ஓட்ட முடிந்தது. பிறகு பாஸ்பாரிக் அமிலத்துக்கு மாறினார்கள். நிலையத்தின் மொத்த நீர் மீட்பு 98 சதவீதத்தைத் தொட 2023 ஆயிற்று. அங்கே சனிக்கிழமை துப்புரவு நாள். வடிகட்டியில் படிந்த தூசியை விண்வெளி வீரர்களே உறிஞ்சி எடுக்கிறார்கள். லட்சம் பேர் வாழும் உங்கள் நகரத்தில் அந்தப் படிவைச் சுரண்டுகிற கை யாருடையது? அந்தக் கை எந்தத் தட்டில் பிறந்தது, அதன் பிள்ளைக்கு வேறு வேலை கிடைக்குமா? வர்க்கம் என்பது அங்கேதான் இருக்கிறது, தம்பி.

கோபுரத்தையும் இடித்துவிடுங்கள். செவ்வாய்க்குப் பூமியைப் போல முழுக்கோளக் காந்தப்புலம் இல்லை. காற்றழுத்தம் நம்முடையதில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. விண்கதிர் தரைவரை வரும். காசுள்ளவன் தலைக்கு மேல் சில மீட்டர் மண்ணைப் போட்டுக்கொண்டு ஆழத்தில் படுப்பான்; இல்லாதவன் கண்ணாடிக்குக் கீழே கதிரை வாங்குவான். அங்கே மேல்தட்டு மக்கள் இருப்பது கீழே! இந்த ஒரு திருப்பத்திலேயே உங்கள் வசனங்கள் பாதி மாறிவிடும்.

இன்னொன்று. செவ்வாயில் ஒரு நாள் 24 மணி 39 நிமிடம் 35 விநாடி. அந்த உபரி 39 நிமிடத்தில் யார் தூங்குகிறார்கள், யார் கூடுதலாக வேலை பார்க்கிறார்கள் என்று முடிவு செய்யுங்கள். பூமியிலிருந்து கப்பல் கிளம்பத் தோதான நேரம் சுமார் 26 மாதத்துக்கு ஒருமுறைதான் வரும். அதுவரை ஒரு பம்ப் வாஷர் தேய்ந்தால், அதை ஒப்பேற்றத் தெரிந்தவள் முன்னால் முதல் தட்டுக்காரனும் கைகட்டி நிற்க வேண்டும். வேலை முடிந்ததும் அவளைத் தன் மேஜையில் உட்கார வைப்பானா? அந்தக் காட்சியை எழுதுங்கள்.

அதற்கு முன் வீட்டு வேலை ஒன்று. இந்த ஞாயிறு, அம்மா எழுந்திருக்கும் நேரத்துக்கு நீங்களும் எழுந்து, தண்ணீர் பிடிப்பதிலிருந்து ராத்திரி அடுப்பு துடைப்பது வரை அவர் செய்வதை எல்லாம் நீங்கள் செய்யுங்கள். ஒவ்வொன்றுக்கும் எத்தனை நிமிடம் ஆனது என்று குறித்துக்கொள்ளுங்கள். திங்கட்கிழமை அவரை எலும்பு மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். நாவல் ஒரு நாள் காத்திருக்கும். எழுதும் மேஜையைக் கீழே கொண்டுவாருங்கள். காபியை நீங்களே போட்டு அவருக்கும் ஒரு டம்ளர் கொடுங்கள். ஃபிளாஸ்க்கைக் கழுவும்போது மூடியிலுள்ள ரப்பர் வளையத்தைக் கழற்றிக் கழுவுங்கள். இல்லாவிட்டால் பழைய பால் வாடை போகாது.