'ஷகி பெய்ன்' நாவல் குடிகார அம்மாவைப் பற்றிய சோகக்கதை மட்டும்தானா? படிக்கலாமா?

தாராளமாகப் படிக்கலாம். சோகக்கதை மட்டும்தானா என்றால், இல்லை. பதிலில் கதை கொஞ்சம் வெளியே வந்துவிடும். பரவாயில்லை என்பவர்கள் மேலே படியுங்கள்.

என் நண்பர் ஒருவருக்கு இந்தப் புத்தகத்தை இரவல் கொடுத்திருந்தேன். நூறு பக்கம் தாண்டுவதற்குள் திருப்பிக் கொண்டுவந்துவிட்டார். "சோத்துக்கே வழியில்லை, இதுல அவளுக்கு லிப்ஸ்டிக் ஒரு கேடா?" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் மூடிவைத்த இடத்துக்குக் கொஞ்சம் தள்ளி, நாவலுக்குள் இருக்கிற பெண்களே வேலியோரம் நின்று அவளை அப்படித்தான் பார்க்கிறார்கள்.

அவள் பெயர் ஆக்னஸ். தலைப்பில் மகன் ஷகியின் பெயர் இருந்தாலும் புத்தகம் அவளுடையதுதான். எழுதியவர் டக்ளஸ் ஸ்டூவர்ட், ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் 1976இல் பிறந்தவர். அவருக்கு 16 வயதில் அம்மா குடியால் இறந்துபோனார். பிறகு அவர் நியூயார்க்கில் ஆடை வடிவமைப்பாளராக வேலை பார்த்தபடி பத்து வருடத்துக்கு மேல் இந்த ஒரு நாவலை எழுதிக்கொண்டிருந்தார். 2020இல் வந்தது, அதே ஆண்டு புக்கர் பரிசும் வாங்கியது. ஸ்காட்லாந்துக்காரர் ஒருவருக்கு அந்தப் பரிசு கிடைத்தது அது இரண்டாவது முறை. முதலாமவர் 1994இல் வாங்கிய ஜேம்ஸ் கெல்மன், அவரும் கிளாஸ்கோதான்.

ஆக்னஸ் 15 வயதில் தன் பற்களை எல்லாம் பிடுங்கிவிட்டுப் பொய்ப்பல் கட்டிக்கொண்டவள். சினிமா நடிகை மாதிரி சிரிக்க வேண்டும் என்ற ஆசை. கேட்க விநோதமாக இருக்கும். ஆனால் அந்தக் காலத்து ஸ்காட்லாந்தில், உழைக்கும் குடும்பங்களில், கல்யாணத்துக்கு முன்பே பெண்ணின் பல்லை மொத்தமாக எடுத்துவிடும் வழக்கம் நிஜமாகவே இருந்தது. பின்னால் கணவனுக்குப் பல் வைத்தியச் செலவு வைக்கக் கூடாதாம். அழகுக்கென்று ஆக்னஸ் செய்த முதல் காரியத்திலேயே ஏழ்மையின் முத்திரை விழுந்துவிடுகிறது. ஸ்டூவர்ட் இதை விளக்கிக்கொண்டிருப்பதில்லை, பல்லைக் காட்டிவிட்டு நகர்ந்துவிடுகிறார்.

முதல் கணவன் சாதுவான கத்தோலிக்கன். அவனை விட்டுவிட்டு இரண்டு பிள்ளைகளோடு டாக்ஸி ஓட்டும் ஷக் பெய்ன் என்ற புராட்டஸ்டன்ட் ஆளோடு வந்துவிடுகிறாள். மூன்றாவது பிள்ளைதான் ஷகி. 1981இல் எல்லோரும் அவளுடைய பெற்றோரின் அடுக்குமாடி வீட்டில் நெருக்கியடித்துக்கொண்டு இருக்கிறார்கள். தனி வீடு கிடைத்துவிட்டது என்று ஷக் அவர்களைப் பிட்ஹெட் என்ற இடத்துக்குக் கூட்டிப்போகிறான். மூடிய நிலக்கரிச் சுரங்கத்தை ஒட்டிய குடியிருப்பு அது. சாமான்களை இறக்கிய கையோடு, வேறொருத்தியிடம் போகிறேன் என்று கிளம்பிவிடுகிறான். பிறகு ஏன் இவ்வளவு தூரம் கூட்டிவந்தான்? கூப்பிட்டால் வருவாளா என்று பார்ப்பதற்காக! இந்த இடத்தில் நான் புத்தகத்தை மூடிவிட்டு ஒரு டீ போட எழுந்துபோனேன்.

பிட்ஹெட்டில் ஆண்கள் யாருக்கும் வேலை இல்லை. மார்கரெட் தாட்சர் பிரிட்டிஷ் பிரதமராக இருந்த காலம். சுரங்கமும் கப்பல் கட்டும் தளமும் ஒவ்வொன்றாகப் படுத்துக்கொண்டிருக்கின்றன. குடும்பத்தை ஓட்டுவது பெண்கள். திங்கள், செவ்வாய் என்று வாரத்தில் இரண்டு நாள் உதவித்தொகைப் புத்தகத்தைக் காட்டிப் பணம் வாங்க வேண்டும். உடுப்பு, போர்வை எல்லாம் கேட்டலாக் பார்த்துத் தவணையில். டிவி பார்ப்பதற்குக்கூட மீட்டரில் காசு போட வேண்டும். இந்த ஊருக்குள் ஆக்னஸ் ஹீல்ஸும் நல்ல கோட்டும் போட்டுக்கொண்டு வந்து இறங்குகிறாள். மற்றவர்கள் அனுபவிக்கிற அதே வறுமைதான் அவளுக்கும். ஆனால் தலைமுடி கலையாமல், வாசல் அழுக்கில்லாமல், பேச்சில் கொச்சை இல்லாமல் இருக்கப் பார்க்கிறாள். பையனுக்கும் அப்படியே பேசச் சொல்லிக்கொடுக்கிறாள். இதைத்தான் அந்தப் பெண்களால் பொறுக்க முடியவில்லை. வர்க்கம் என்றால் நமக்கு முதலாளியும் தொழிலாளியும்தான் நினைவுக்கு வரும். இங்கே சண்டை ஒரே தெருவில், ஒரே உதவித்தொகையில் வாழ்கிறவர்களுக்கு நடுவே, 'நீ மட்டும் என்ன உசத்தி?' என்பதில் நடக்கிறது. ஆக்னஸும் லேசுப்பட்டவள் இல்லை. அவளும் அவர்களை ஒரு படி கீழே வைத்துத்தான் பார்க்கிறாள்.

நாவலில் என்னை ரொம்ப நாள் தூங்கவிடாத பகுதி ஆக்னஸைப் பற்றியதே அல்ல, அவள் அம்மா லிஸ்ஸியைப் பற்றியது. இரண்டாம் உலகப் போர் நேரம். புருஷன் உல்லி போர்முனையில். கைக்குழந்தையாக ஆக்னஸ். மளிகைக்காரர் கடனுக்குச் சாமான் கொடுக்கிறார், கடன் ஏறுகிறது. உல்லி திரும்பி வரும்போது வீட்டில் அவருடையதல்லாத ஒரு குழந்தை இருக்கிறது. அவர் கத்தவில்லை, கை நீட்டவில்லை. குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்து வெளியே தள்ளிக்கொண்டு போகிறார். வெறுங்கையோடு திரும்பி வருகிறார். அதற்குப் பிறகு இருவரும் ஒரு ஆயுள் முழுக்கச் சேர்ந்து வாழ்கிறார்கள், அன்பாகவே. பெண், வர்க்கம், காமம் மூன்றும் எப்படி ஒன்றில் ஒன்று முடிச்சிட்டுக் கிடக்கின்றன என்பதற்கு இந்த ஒரு அத்தியாயம் போதும். மளிகைக் கணக்கை எதைக் கொடுத்துத் தீர்த்தாள் என்பதை அந்தக் குடும்பத்தில் யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை.

ஆக்னஸின் மூத்த பிள்ளை கேத்தரினுக்கும் ஒரு காட்சி உண்டு. இருட்டில் சில பையன்கள் கத்தியோடு அவளை மடக்கி, "செல்டிக்கா, ரேஞ்சர்ஸா?" என்று கேட்கிறார்கள். கால்பந்து அணியின் பெயர்தான். ஆனால் கிளாஸ்கோவில் அந்தக் கேள்விக்கு 'நீ கத்தோலிக்கமா, புராட்டஸ்டன்டா?' என்று அர்த்தம். கேத்தரின் சீக்கிரமே கல்யாணம் பண்ணிக்கொண்டு தென்னாப்பிரிக்காவுக்குப் போய்விடுகிறாள். தப்பிக்க அவளுக்குக் கிடைத்த வழி அது.

சரி, ஷகிக்கு வருவோம். ஊருக்கே அவன் 'ஒரு மாதிரி' என்று தெரிந்துவிட்டது, அவனுக்குத்தான் இன்னும் தெரியாது. அண்ணன் லீக் அவனுக்கு ஆம்பளை மாதிரி நடக்கப் பயிற்சி கொடுக்கிறான்: காலை அகட்டி வை, அவசரப்படாதே. பழைய கால்பந்து முடிவுகளைப் பையன் பாடம் மாதிரி மனப்பாடம் செய்கிறான், எல்லோரையும் போல ஆகிவிடலாம் என்று. ஆண்கள் ஆண்களோடு உறவு கொள்வது இங்கிலாந்தில் 1967லேயே குற்றமில்லை என்றாகிவிட்டது. ஸ்காட்லாந்தில் 1980 வரை ஆனது. 1988இல் தாட்சர் அரசு, ஒருபால் உறவை ஊக்குவிக்கக் கூடாது என்று உள்ளாட்சி அமைப்புகளுக்குத் தடை போட்டது. அந்தத் தடை பள்ளிக்கூடங்களின் வாயையும் கட்டிவிட்டது. ஷகியின் பிள்ளைப் பருவம் முழுக்க இந்த வருடங்களுக்குள்தான் வருகிறது.

ஒருநாள் அம்மாவும் பையனும் வீட்டுக்குள் பாட்டுப் போட்டு ஆடுகிறார்கள். ஷகி தன்னை மறந்து சுழன்று ஆடுகிறான். திரும்பினால் எதிர் வீட்டு ஜன்னலில் பிள்ளைகள் கூட்டமாக நின்று சிரிக்கிறார்கள். அப்படியே உறைந்துபோகிறான். ஆக்னஸ் உதட்டை அதிகம் அசைக்காமல் சொல்கிறாள்: நானாயிருந்தால் நிறுத்த மாட்டேன், தலையை நிமிர்த்திக்கொண்டு போட்டுத் தாக்கு. ஸ்காட் பேச்சில் 'கீ இட் லால்டி' என்பாள். இதைப் படித்தபோதுதான் அந்த லிப்ஸ்டிக் எதற்கு என்று எனக்குப் புரிந்தது. வேலியோரம் நின்று பார்க்கும் கூட்டத்தை அவள் சமாளிக்கிற வித்தை அது. வேறெந்தச் சொத்தும் இல்லாததால் பையனுக்கு அதையே எழுதிக்கொடுக்கிறாள்.

குறையும் உண்டு. நடுவில் இருநூறு பக்கம் போல ஒரே வட்டம்: குடி, சத்தியம், மறுபடி குடி. போன் மேசையருகே உட்கார்ந்து யார் யாரையோ கூப்பிட்டுத் திட்டும் இரவுகள் வந்துகொண்டே இருக்கின்றன. அலுப்பாகத்தான் இருந்தது. குடிகாரரோடு ஒரே வீட்டில் இருந்தவர்களைக் கேட்டால் அந்த அலுப்பே சரியான அளவு என்பார்களோ என்னவோ. ஷக் மட்டும் வெறும் வில்லனாக நின்றுவிடுகிறான். அதைவிட யூஜீன் நல்ல பாத்திரம். ஆக்னஸ் ஒரு வருடம் சொட்டு தொடாமல், பெட்ரோல் பங்க்கில் இரவு வேலைக்குப் போய்க்கொண்டிருக்கும்போது வருகிற நல்ல மனுஷன். 'நீ இப்போது நார்மல்தானே, ஒரே ஒரு கிளாஸ்' என்று ஊற்றிக் கொடுப்பவனும் அவனே.

மொழியைப் பற்றி ஒரு வார்த்தை. அகராதி ஓரளவுக்குத்தான் உதவும். 'கிரீட்டிங்' என்று வந்ததும் வணக்கம் சொல்கிறாள் என்று நினைத்து அரைப் பக்கம் ஓட்டிவிட்டேன். ஸ்காட் பேச்சில் அதற்கு அழுவது என்று பொருள். 'மெசேஜஸ்' வாங்கப் போனால் மளிகைச் சாமான். 'வெய்ன்' என்றால் குழந்தை. 'ஸ்கீம்' என்பது அரசு கட்டிக்கொடுத்த குடியிருப்பு. இந்த நாலைந்தும் கைவந்துவிட்டால் மிச்சம் தானாக ஓடும். பிடித்துப்போனால் அப்புறம் அவருடைய இரண்டாவது நாவல் 'யங் மங்கோ'வை எடுங்கள். 2022இல் வந்தது. ஒரு புராட்டஸ்டன்ட் பையனுக்கும் புறா வளர்க்கும் கத்தோலிக்கப் பையனுக்கும் நடுவே வரும் காதல்.

நண்பரிடம் புத்தகத்தை மறுபடி கொடுத்து, "லிஸ்ஸி வருகிற அத்தியாயத்தை மட்டும் படியுங்கள், போதும்" என்றேன். மூன்று மாதம் ஆகிறது. கேட்டால், "வீட்ல படிச்சிட்டு இருக்காங்க, இப்ப கேக்காதீங்க" என்கிறார்.