பலகைக்குப் பின்னால் வியர்க்கும் சுவர்

கேள்வி: கிழக்கு லண்டனில் நூறாண்டு கடந்த செங்கல் வீடு எங்களுடையது. குளிர் தாங்காமல் வடக்குச் சுவரின் உட்புறம் 50 மி.மீ. இன்சுலேஷன் பலகை ஒட்டினோம். இரண்டாவது குளிர்காலத்திலேயே மூலையில் கரும்புள்ளிகள், மக்கிய வாடை. பலகையில் நாலைந்து துளை போட்டால் காற்றோட்டத்தில் காய்ந்துவிடும் என்கிறார் வேலை செய்தவர். போடலாமா?

பதில்: வேண்டாம். அந்தத் துளை வழியாக உள்ளே போவது உங்கள் அறையின் ஈரக்காற்றுதான்.

அறை 20 டிகிரி, ஈரப்பதம் 60 சதவீதம் என்றால், 12 டிகிரிக்குக் கீழே குளிர்ந்த எதைத் தொட்டாலும் அந்தக் காற்று நீராகிவிடும். வெளியே 3 டிகிரி குளிரும்போது உங்கள் ஒன்பது அங்குலச் சுவரின் உட்பக்கம் முன்பு 15 டிகிரி அளவில் இருந்திருக்கும். இப்போது பலகை வெப்பத்தை மறிப்பதால் அதே செங்கல் 5 டிகிரிக்கு இறங்கியிருக்கும். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த சொம்பு வியர்ப்பதுபோல அதுவும் வியர்க்கிறது, துடைக்கத்தான் ஆளில்லை.

பெரும்பாலும் இந்தப் பலகைகளை வறட்டி தட்டுவதுபோல் பசையை அங்கங்கே அப்பி ஒட்டிவிடுகிறார்கள். சுவருக்கும் பலகைக்கும் நடுவில் விரல் நுழையும் இடைவெளி. பிளக் பாயின்ட், ஸ்கர்ட்டிங் (சுவரடியில் ஓடும் மரப்பட்டை) ஓரம், கூரை மூலை என எங்கே கீறல் இருந்தாலும் சோறு வடிக்கும் ஆவி அங்கே போய்ச் சேரும்.

ஆனாலும் பழியை முழுவதும் ஆவியின் மேல் போடுமுன் வெளியே போய்ப் பாருங்கள். மழை பெய்த மறுநாள் ஈரம் கூடினால் கூரையோர மழைநீர்க் குழாயோ, செங்கல் இடுக்கின் பூச்சோ காரணமாக இருக்கலாம். மழையே இல்லாத உறைபனி வாரத்தில் கூடினால் உள்ளிருந்து வந்த ஈரம். மழைநீர் கசிவை முதலில் அடைக்காமல் உள்ளே எது செய்தாலும் வீண்செலவு.

பிறகு, மின்சார மெயினை அணைத்துவிட்டு, மூலையில் ஸ்கர்ட்டிங்கைக் கழற்றி ஓரடிப் பலகையை அறுத்தெடுங்கள். செங்கல் உலர்ந்திருந்து, ஈரம் பலகையின் முன்பக்கத்தில் மட்டும் என்றால் நல்ல காலம்: எல்லா விளிம்பையும் காற்றுப் புகாமல் அடைத்து, சமையலறை, குளியலறை எக்ஸாஸ்ட் ஃபேன்களைச் சரிசெய்தால் போதும். துணியை அறைக்குள் உலர்த்துவதையும் நிறுத்துங்கள். ஒரு நடை துவைத்த துணியே லிட்டர் கணக்கில் நீரைக் காற்றில் விடும்.

பின்பக்கம் நனைந்திருந்தால் அந்தச் சுவர்ப் பலகை முழுவதையும் கழற்ற வேண்டியதுதான். அப்போது சுவருக்குள் செருகியிருக்கும் தரை உத்திரங்களின் முனைகளை ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பாருங்கள். மெத்தென்று இறங்கினால் மரம் உளுத்துவிட்டது. அதற்குத் தச்சரை உடனே அழைக்க வேண்டும். சுவர் காய ஒரு கோடை முழுவதும் ஆகலாம். மறுபடி போடும்போது இடைவெளி விடாமல், சுண்ணாம்புக் காரையின் மேல் மரநார்ப் பலகையை அழுத்தி ஒட்டச் சொல்லுங்கள். விலை கூடுதல்தான். ஆனால் அது ஈரத்தை உறிஞ்சி, மெல்ல வெளியே விடும். வெளிப்புறச் செங்கலுக்கு சிமென்ட் பூச மட்டும் யார் சொன்னாலும் சம்மதிக்காதீர்கள்.