வாரச் சமையலுக்கு ஏஐ: சந்தை நாளிலிருந்து தொடங்குங்கள்

கேள்வி: தில்லி மயூர் விஹாரில் இருக்கிறோம். நானும் கணவரும் வேலைக்குப் போகிறோம். பள்ளிக்குப் போகும் இரண்டு பிள்ளைகள், சர்க்கரை நோய் உள்ள மாமியார் என்று மொத்தம் ஐந்து பேர். வாரச் சமையலைத் திட்டமிட சாட்ஜிபிடியைக் கேட்டேன். கினோவா சாலட், அவகாடோ டோஸ்ட் என்று ஏதேதோ கொடுத்தது. அது சொன்ன பட்டியல்படி வாங்கியதில் பாதிக் காய் அழுகிப் போனது. இதை உருப்படியாகப் பயன்படுத்த வழி உண்டா? பணம் கட்ட வேண்டுமா?

பதில்: வழி உண்டு. "ஐந்து பேருக்கு ஒரு வார மெனு கொடு" என்று மட்டும் கேட்டால், உங்கள் வீட்டைப் பற்றி ஒன்றும் தெரியாமல், இணையத்தில் அதிகம் எழுதப்பட்டிருக்கும் சாப்பாட்டைத்தான் அது எடுத்து நீட்டும். என்ன சமைப்பது என்பதை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். எது எந்த நாளுக்குள் தீர வேண்டும், எதை எவ்வளவு வாங்க வேண்டும் என்ற கணக்குப்பிள்ளை வேலையை அதற்குக் கொடுங்கள்.

முதலில், உங்கள் வீட்டில் மாற்றி மாற்றிச் சமைப்பதை எல்லாம் ஒரு தடவை சொல்லிவிடுங்கள். டைப் அடிக்க வேண்டியதில்லை, போனில் மைக்கை அழுத்தித் தமிழிலேயே பேசலாம். மோர்க்குழம்பு, வத்தக்குழம்பு, கீரை மசியல், பருப்பு உசிலி, அப்புறம் ராஜ்மா (தில்லியில் வளரும் பிள்ளைகளிடம் ராஜ்மா இல்லாமல் பிழைக்க முடியாது). இந்தப் பட்டியலுக்கு வெளியே எதையும் சேர்க்கக் கூடாது என்று கறாராகச் சொல்லுங்கள்.

காய் அழுகியதற்கு வருவோம். அளவு கூடியது ஒரு காரணம் என்றால், சமைத்த வரிசை இன்னொன்று. ஏஐயின் வாரம் திங்களில் தொடங்கும். தில்லியிலோ பேட்டைக்குப் பேட்டை வாரச் சந்தை வேறு வேறு நாளில் கூடுகிறது, ஓரிடத்தில் சோம் பஜார் (திங்கள்), இன்னோரிடத்தில் மங்கள் பஜார் (செவ்வாய்). உங்கள் பக்கத்துச் சந்தை புதன் மாலை என்றால், உங்கள் வாரத்தின் முதல் நாள் வியாழன். கீரையும் வெந்தயக்கீரையும் வெள்ளிக்குள் முடிய வேண்டும். வெண்டைக்காயும் பீன்ஸும் அடுத்து. கோஸ், கேரட், பரங்கி, சேனை எல்லாம் பொறுமைசாலிகள், கடைசிக்கு விடலாம். இதைச் சொல்லாவிட்டால் ஆறாம் நாள் இரவுக்குக் கீரைக்கூட்டு என்று எழுதி வைக்கும், நீங்களும் நம்பி வாங்கி வைப்பீர்கள்.

இப்படிக் கேட்டுப் பாருங்கள்:

"எங்கள் வாரம் வியாழனில் தொடங்குகிறது. மேலே சொன்ன பட்டியலிலிருந்து மட்டும் எடு. வார நாளில் காலை சமையல் 40 நிமிடத்துக்குள் முடிய வேண்டும். ஏழு நாளுக்கு நாலு குழம்பு போதும், மிச்சத்தை அடுத்த வேளைக்குத் திட்டமிடு. ஒரு நாள் இரவைக் காலியாக விடு. சீக்கிரம் வாடும் காயை முதலில் தீர்க்க வேண்டும். வீட்டில் இருப்பது: துவரம்பருப்பு ஒரு கிலோ, உருளை இரண்டு கிலோ, அரை மூடி தேங்காய். ஒரு வேளை சாம்பாருக்கு எங்கள் டம்ளரில் முக்கால் டம்ளர் பருப்பு. திட்டம் சரி என்று நான் சொன்ன பிறகு வாங்கும் பட்டியல் கொடு."

அந்தக் காலி இரவை விட்டுக்கொடுக்காதீர்கள். யாராவது சாப்பிடக் கூப்பிடுவார்கள், அல்லது மிச்சம் சேர்ந்திருக்கும்.

இட்லிக்கு மட்டும் தனியாக ஒரு விதி வேண்டும். மாவை ராத்திரி அரைத்தால் காலையில் பொங்கியிருக்கும் என்றுதான் ஏஐ கணக்குப் போடும். ஜனவரித் தில்லியில் அது நடக்காது, ஒரு பகல் கூடுதலாகப் பிடிக்கும். "குளிர்காலத்தில் சனிக்கிழமை மாலை அரைத்தால் ஞாயிறு இரவுதான் இட்லி" என்று எழுதிக் கொடுங்கள்.

பட்டியல் வந்ததும் அப்படியே கடைக்கு எடுத்துப் போக வேண்டாம். ஏழு வேளைக்கான பருப்பைக் கூட்டும்போது அது தடுமாறுவது உண்டு, அதனால் பெரிய அயிட்டங்களை நீங்களே ஒரு முறை கூட்டிப் பாருங்கள். எண்ணெய்க்கு ஒரு அளவுகோல் உண்டு: இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024இல் வெளியிட்ட வழிகாட்டுதலின் மாதிரித் தட்டில், 2000 கலோரி சாப்பிடும் ஒருவருக்கு நாளுக்கு 27 கிராம் எண்ணெய். ஐந்து பேருக்கு மாதம் சுமார் 4 கிலோ வருகிறது. ஆறு கிலோ என்று பட்டியல் சொன்னால் ஏன் என்று கேளுங்கள். சந்தைக்குக் கணவர் போகிறார் என்றால் இந்திப் பெயரையும் பக்கத்தில் போடச் சொல்லலாம். பரங்கிக்காயைத் தில்லிக் காய்காரர் சீதாபல் என்பார் (நம் சீத்தாப்பழம் இல்லை), அந்த மாதிரி இடத்தில் மட்டும் கவனம்.

விலையை அதனிடம் கேட்பதில் பயனில்லை. உங்கள் சந்தையில் இன்று தக்காளி என்ன விலை என்று அதற்குத் தெரியாது, ஆனாலும் ஒரு தொகை சொல்லும். போன மாத பில்களைப் படம் எடுத்துக் கொடுத்து, எதற்கு எவ்வளவு போனது என்று பிரிக்கச் சொல்லுங்கள். பத்து நிமிடத்தில் கொண்டுவரும் செயலிகளில் ஒரே கொத்தமல்லியை எத்தனை தடவை வாங்கினீர்கள் என்பது அதில் தெரிந்துவிடும்.

மாமியார் விஷயத்தில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். அவருக்கு எவ்வளவு சாதம், எந்த நேரத்தில் என்பதை ஏஐ முடிவு செய்யக் கூடாது. இன்சுலினோ சில வகை சர்க்கரை மாத்திரைகளோ எடுப்பவருக்குச் சாப்பாடு தள்ளிப்போனாலே சர்க்கரை அபாயமாக இறங்கலாம். மருத்துவரோ உணவியல் நிபுணரோ தந்த அட்டவணையை மாற்றக் கூடாத விதியாகக் கொடுத்து, குடும்பச் சமையலை அதைச் சுற்றி அமைக்கச் சொல்லுங்கள். அட்டவணையைப் படம் எடுத்தால் பெயர், போன் எண் எல்லாம் மறைத்துவிடுங்கள். அமாவாசை, ஏகாதசி தேதிகளையும் காலண்டர் பார்த்து நீங்களே கொடுங்கள். தப்பான தேதியைக்கூட அது தயங்காமல் சொல்லும்.

பணம் கட்டத் தேவையில்லை. இந்த வேலைக்கு சாட்ஜிபிடி, ஜெமினி எதிலும் இலவசப் பதிப்பே போதும். வீட்டு விதிகளை மட்டும் போனில் ஒரு குறிப்பாகச் சேமித்து வைத்து, ஒவ்வொரு வாரமும் சந்தைக்கு முந்தின இரவு ஒட்டிவிட்டு, ஃபிரிட்ஜில் மிச்சம் இருப்பதைச் சேர்த்துச் சொல்லுங்கள்.