மாஞ்சோலைக் குளிருக்குக் கம்பளிக் குல்லா பின்னுவது எப்படி?

மார்கழியில் மாஞ்சோலைக்குச் செல்லும் தந்தைக்கு, மேடுபள்ளமான பின்னலில் குல்லா பின்னும் முறையை அம்பாசமுத்திரத்திலிருந்து கேட்டிருக்கிறீர்கள். ஈரம் ஏறிய பிறகும் கம்பளி கதகதப்பை ஓரளவு காக்கும் என்பதால், மேகம் இறங்கும் அந்த மலைக்கு அக்ரிலிக் நூலை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

முதலில் சிறு மாதிரி பின்னி அளந்து பாருங்கள். அவசரத்தில் பலரும் இதைத்தான் விட்டுவிடுகிறார்கள். 10 செ.மீ. அகலத்தில் 18 கண்ணிகள் (ஊசியில் விழும் நூல் வளையங்கள்) வந்தால், 56 செ.மீ. தலைச்சுற்றுக்கு 5 செ.மீ. குறைத்து, வட்ட ஊசியில் (வளையும் வடத்தால் இணைந்த இரு முனை ஊசி) 92 கண்ணிகள் போதும். விளிம்பை இரண்டு நேர்க்கண்ணி (நூலை ஊசிக்குப் பின்னால் வைத்துப் பின்னும் ‘நிட்’), இரண்டு மறுகண்ணி (நூலை முன்னால் வைத்துப் பின்னும் ‘பர்ல்’) என மாற்றி மாற்றிப் பின்னினால் அது காதோடு இழுத்துப் பிடிக்கும். அதன்மேல் ஒன்றுவிட்டு ஒன்றாக நேரும் மறுவும் பின்னி, அடுத்த சுற்றில் நேரின் மேல் மறுவையும் மறுவின் மேல் நேரையும் மாற்றிக்கொண்டே சென்றால், நெல்மணிகளைப் பரப்பியதுபோன்ற புடைப்புகள் எழும். அவற்றினிடையே தங்கும் காற்றே குளிரைத் தடுக்கிறது. உயரம் 20 செ.மீ. ஆனதும் இரண்டிரண்டு கண்ணிகளாகச் சேர்த்துக் குறைத்து, எஞ்சியவற்றில் நூலைக் கோத்து இறுக்கி முடிச்சிடுங்கள்.