பழைய கணினிக்குப் புதிய எம்பி3 பிளேயர்: வாங்கும் முன் பார்க்க வேண்டியவை

கேள்வி: ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் எழுதியிருக்கிறார். அவரிடம் இருப்பது 2006-இல் வாங்கிய டெஸ்க்டாப் கணினி. விண்டோஸ் எக்ஸ்பி, இணைய இணைப்பு கிடையாது. குறுந்தகடுகளிலிருந்து ஏற்றி வைத்த ஏறத்தாழ 1,800 எம்பி3 பாடல்களும் சில கச்சேரிப் பதிவுகளும் அதில் இருக்கின்றன. காலை நடையின்போது கைபேசி வேண்டாம், சட்டைப் பையில் அடங்கும் ஒரு பிளேயர் போதும் என்கிறார். இப்போது விற்பனையில் உள்ளவை இந்தக் கணினியுடன் ஒத்துப்போகுமா, 64 ஜிபி கார்டு போடலாமா, மகன் தன் பழைய ஐபாடைத் தருவதாகச் சொல்கிறாரே, அதையே வைத்துக்கொள்ளலாமா என்பவை அவருடைய சந்தேகங்கள்.

பதில்: பிளேயர் வாங்கும்போது பலரும் ஒலித்தரத்தையும் கொள்ளளவையும்தான் முதலில் விசாரிக்கிறார்கள். உங்கள் நிலையில் முதலில் கேட்க வேண்டியது வேறு: கணினியில் செருகியதும் அந்தப் பிளேயர் தன்னை எதுவாகக் காட்டிக்கொள்கிறது?

இதில் இரண்டு வகை உண்டு. முதல் வகை, பென்டிரைவைப் போலவே நடந்துகொள்ளும். 'மை கம்ப்யூட்டர்' திறந்தால் புதிய எழுத்துடன் ஒரு டிரைவ் தெரியும். பாடல் கோப்புறையை அங்கே நகலெடுத்தால் வேலை முடிந்தது. விண்டோஸ் எக்ஸ்பிக்கு இதற்குத் தனி மென்பொருள் எதுவும் தேவையில்லை. இரண்டாவது வகை, டிரைவாகத் தெரியாமல், எம்டிபி என்ற கோப்புப் பரிமாற்ற முறையில் கணினியுடன் பேசுகிறது. ஆண்ட்ராய்டில் இயங்கும் விலையுயர்ந்த பிளேயர்கள் பெரும்பாலும் இந்த வகைதான். எக்ஸ்பியில் இவற்றைப் பயன்படுத்த விண்டோஸ் மீடியா பிளேயர் 10 அல்லது அதற்கு அடுத்த பதிப்பு நிறுவப்பட்டிருக்க வேண்டும். இணையம் இல்லாத கணினியில் அதைத் தேடி நிறுவுவது வீண் அலைச்சல் என்பது என் கருத்து. சில பிளேயர்களின் அமைப்புகளில் எம்எஸ்சி, எம்டிபி என்று இரண்டு தேர்வுகள் இருக்கும்; அவற்றில் எம்எஸ்சி என்பதே பென்டிரைவ் முறை. விற்பவருக்கு இந்தப் பெயர்கள் தெரியாமல் போகலாம். "பென்டிரைவ் மாதிரி திறக்குமா?" என்று கேட்டால் புரிந்துகொள்வார்.

இதற்கு மேலும் ஒரு பாதுகாப்பு உண்டு: மைக்ரோ எஸ்டி கார்டு செருகும் இடம் உள்ள பிளேயரையே வாங்குங்கள். பிளேயரும் கணினியும் எவ்வளவு முரண்பட்டாலும், கார்டைக் கழற்றி ஒரு சாதாரண யுஎஸ்பி கார்டு ரீடரில் போட்டுவிட்டால் எக்ஸ்பிக்கு அது வெறும் பென்டிரைவ்தான். ஆனால் 2006-ஆம் ஆண்டுக் கணினியின் முன்பக்கத்திலேயே அமைந்திருக்கும் கார்டு துளையை நம்ப வேண்டாம். 2 ஜிபிக்கு மேற்பட்ட எஸ்டிஎச்சி கார்டுகளுக்கான வரையறை அந்த ஆண்டில்தான் வந்தது. அதற்கு முந்தைய ரீடர்கள் அவற்றைப் படிக்காது.

64 ஜிபி கார்டு உங்களுக்கு வேண்டாம். 32 ஜிபிக்கு மேற்பட்ட கார்டுகள் எக்ஸ்ஃபேட் என்ற கோப்பு அமைப்புடன், அதாவது கார்டில் கோப்புகளை அடுக்கி வைக்கும் ஒரு புதிய முறையுடன், விற்கப்படுகின்றன. கூடுதல் புதுப்பிப்பு இல்லாத எக்ஸ்பிக்கு அது விளங்காது. கார்டைச் செருகியதும் "வட்டு ஃபார்மேட் செய்யப்படவில்லை, இப்போது செய்யலாமா?" என்று ஒரு பெட்டி தோன்றும், உள்ளே நூற்றுக்கணக்கான பாடல்கள் பத்திரமாக இருக்கும்போதே இப்படிக் கேட்கும் என்பதுதான் இதில் உள்ள ஆபத்து. 'ஆம்' என்று அழுத்தினால் இருந்ததும் போய்விடக்கூடும். எக்ஸ்பி தன் சொந்தக் கருவியால் ஃபேட்32 என்ற பழைய முறையில் ஃபார்மேட் செய்யும் உச்ச அளவு 32 ஜிபி என்பதால், அந்த அளவோடு நின்றுகொள்வதே நல்லது. உங்கள் தேவைக்கும் அது தாராளம். 128 கேபிபிஎஸ் (நொடிக்கு இத்தனை கிலோபிட்) தரத்தில் பதிந்த எம்பி3 ஒரு நிமிடத்துக்குச் சற்றேறக்குறைய 1 மெகாபைட் (எம்பி) பிடிக்கும். ஐந்து நிமிடப் பாடல்கள் 1,800 என்று வைத்துக்கொண்டால் 9 ஜிபிக்குள் அடங்கிவிடும். 320 கேபிபிஎஸ் தரத்தில் பதிந்திருந்தால்கூட 22 ஜிபி அளவில்தான் வரும்.

அடுத்தது வேகம். உங்கள் கணினியில் யுஎஸ்பி 2.0 இருக்கவே வாய்ப்பு அதிகம். எனினும் சர்வீஸ் பேக் என்ற புதுப்பிப்புத் தொகுப்பு எதுவும் இல்லாமல் எக்ஸ்பியை மீண்டும் நிறுவியிருந்தால், அதை இயக்கும் டிரைவர் மென்பொருள் விடுபட்டு, துளை பழைய யுஎஸ்பி 1.1-இன் குறைந்த வேகத்தில் இயங்கிக்கொண்டிருக்கலாம். கணினியின் பாகங்களைப் பட்டியலிடும் டிவைஸ் மேனேஜரில் யுஎஸ்பி பகுதியை விரித்துப் பாருங்கள். 'என்ஹான்ஸ்டு' என்ற சொல் ஏதேனும் ஒரு வரியில் இருந்தால் கவலையில்லை. இல்லாவிட்டால் நொடிக்கு 1 எம்பி வேகம் கிடைப்பதே பெரிது. 9 ஜிபியை ஏற்ற இரண்டரை மணி நேரம் ஆகும். ஒருமுறை செய்யும் வேலைதானே என்று விட்டுவிடலாம், பிளேயர் கெட்டுவிட்டதாக எண்ணி நடுவில் பிடுங்காமல் இருந்தால் சரி. கேபிளை எப்போதும் பெட்டியின் பின்பக்கத் துளையில் செருகுங்கள். முன்பக்கத் துளைகள் உள்ளே தனி ஒயர் வழியாக மதர்போர்டுடன் இணைக்கப்பட்டிருப்பதால், பழைய பெட்டிகளில் அந்த இணைப்பு தளர்ந்திருப்பது சகஜம். சார்ஜ் ஏறுகிறது, ஆனால் கணினியில் எதுவும் தெரியவில்லை என்றால் பெரும்பாலும் கேபிள்தான் காரணம். சார்ஜ் செய்ய மட்டுமே பயன்படும், தரவு ஒயர் இல்லாத கேபிள்கள் கடைகளில் ஏராளம்.

மகன் தரும் ஐபாட் நல்ல கருவிதான். ஆனால் உங்கள் கணினிக்கு ஏற்றதன்று. சாதாரண ஐபாடில் பாடல் ஏற்ற ஆப்பிளின் ஐட்யூன்ஸ் மென்பொருள் வேண்டும். பென்டிரைவைப் போல நகலெடுத்த பாடலை அது இசைக்காது. எக்ஸ்பிக்கு வந்த கடைசி ஐட்யூன்ஸ் 12.1.3; இணையம் இல்லாத கணினியில் அதைத் தேடி நிறுவுவதும் அதே அலைச்சல்தான். ஐபாட் வரிசையையே ஆப்பிள் 2022 மே மாதத்தில் முடித்துக்கொண்டது. பேட்டரியும் வயதாகியிருக்கும். அவருடைய கணினியிலேயே பாடல்களை ஏற்றித் தருவார் என்றால் மட்டும் ஏற்றுக்கொள்ளுங்கள்.

இனி, கச்சேரி கேட்பவருக்கு மட்டும் உறுத்தக்கூடிய இரண்டு விஷயங்கள். ஆலாபனை ஒரு கோப்பாகவும் கீர்த்தனை அடுத்த கோப்பாகவும் பிரிந்திருந்தால், மலிவான பிளேயர்களில் இரண்டுக்கும் நடுவே ஒரு சிறு மௌனம் விழும். எம்பி3 ஆக்கும்போதே கோப்பின் தொடக்கத்திலும் முடிவிலும் சிறிது வெற்றொலி சேர்ந்துவிடுவதே இதற்குக் காரணம். இடைவெளியின்றி இசைக்கும் வசதி உள்ள பிளேயர்கள் உண்டு, விலை கூடும். முழுக் கச்சேரியையும் ஒரே கோப்பாகப் பதிந்துகொள்வது செலவில்லாத வழி. அப்படிச் செய்தால், நிறுத்திய இடத்திலிருந்தே தொடரும் வசதி பிளேயரில் இருக்கிறதா என்று கடையிலேயே இயக்கிப் பார்த்துவிடுங்கள்.

மற்றொன்று தமிழ்ப் பெயர்கள். விலை குறைந்த பிளேயர்களின் திரையில் தமிழ் பெரும்பாலும் கட்டம் கட்டமாகத் தெரியும், அல்லது கொம்பும் காலும் இடம் மாறி நிற்கும். கோப்புப் பெயர்களை ஆங்கில எழுத்துகளில், முன்னால் 01, 02 என்று எண்ணிட்டு வைப்பதே நடைமுறைக்கு உகந்தது. பல பிளேயர்கள் பெயர் வரிசையைப் பார்க்காமல், நகலெடுத்த வரிசையிலேயே பாடல்களை இசைக்கும். வர்ணத்துக்கு முன்னால் மங்களம் வந்து நின்றால் அந்தக் கோப்புறையை அழித்துவிட்டு, எண் வரிசைப்படி ஒவ்வொன்றாக மீண்டும் நகலெடுங்கள்.