கறுத்துப்போன அனிலீனைக் கொட்டிவிட வேண்டுமா?

கேள்வி: எங்கள் பாடசாலை ஆய்வுகூட அலுமாரியில் இருந்த அனிலீன் போத்தலை இந்த வருடம் எடுத்துப் பார்த்தால் கறுத்துப்போய்க் கிடக்கிறது. உயர்தரப் பிள்ளைகளுக்கு அதிலிருந்து டயசோனியம் சாயம் செய்து காட்ட வேண்டும். காய்ச்சி வடித்தால்தான் சரிவரும் என்கிறார் ஒரு சேர். எங்களிடம் அதற்கு வசதி இல்லை. என்ன செய்யலாம்?
– இரசாயனவியல் ஆசிரியை, களுவாஞ்சிகுடி

பதில்: சேர் சொன்னது பிழையில்லை டீச்சர், ஆனால் உங்களுக்கு அது தேவையில்லை. காற்றும் வெளிச்சமும் பட்டால் அனிலீன் ஒட்சியேறி முதலில் மஞ்சளாகி, பிறகு வெறுந்தேத்தண்ணி நிறத்துக்கு வந்து, கடைசியில் கறுக்கும். அரைவாசி காலியான போத்தல் என்றால் உள்ளே காற்றும் அதிகம், இன்னும் கெதியாகக் கறுக்கும். பார்க்கத்தான் பயங்கரம், நிறம் தரும் கழிவு கொஞ்சம்தான், மிச்சமெல்லாம் அனிலீன். காய்ச்சி வடிப்பதென்றால் 184 பாகை செல்சியசுக்குப் போக வேண்டும், ஒட்சியேறாமல் இருக்க ஒரு சிட்டிகை நாகத்தூள் (சிங்க் தூள்) போடுவார்கள், அந்தச் சூட்டுக்கு, ஆவியைத் தண்ணீரால் குளிர்விக்கும் நீர் ஒடுக்கியும் சரிவராது. படிக்கிற காலத்தில் நான் அது தெரியாமல் குளிர்நீரைத் திறந்துவிட்டு ஒடுக்கியை வெடிக்க வைத்தவன்.

உங்கள் பரிசோதனையில் அனிலீனை எப்படியும் ஐதரோகுளோரிக் அமிலத்தில்தானே கரைக்கப் போகிறீர்கள், சுத்திகரிப்பையும் அங்கேயே முடித்துவிடுங்கள். 1 மில்லிலீற்றர் அனிலீனை 10 மில்லிலீற்றர் தண்ணீரும் 3 மில்லிலீற்றர் செறிந்த அமிலமும் சேர்ந்த கலவையில் கரையுங்கள். அனிலீன் உப்பாக மாறிக் கரைந்துவிடும், அழுக்கு நிறம் மட்டும் கரைசலில் மிஞ்சி நிற்கும். அதற்குள் கத்தி நுனியளவு ஏவப்பட்ட கரி போட்டு, இளஞ்சூட்டில் கலக்கி, மடித்த வடிதாளில் இரண்டு தரம் வடியுங்கள். கரியைக் கொதிக்கிற கரைசலில் கொட்டிவிடாதீர்கள், நுரைத்துப் பொங்கி மேசையெல்லாம் போகும். அதிகமாகப் போட்டாலும் நமக்கு வேண்டியதையும் சேர்த்து உறிஞ்சிக்கொள்ளும். சிரட்டைக் கரியை இடித்துப் போடலாமா என்று அடுத்த கேள்வி வரும்: அயன்பெட்டிக்கு அது சரி, இதற்குப் போதாது. அதே சிரட்டைக் கரியை 800 பாகைக்கு மேல் நீராவியில் வாட்டி நுண்துளை திறந்தால்தான் அது ஏவப்பட்ட கரி.

வடிந்தது வெளிறிய மஞ்சளாக இருந்தால் தாராளமாகப் போதும். ஐஸில் வைத்து 5 பாகைக்குக் கீழே இறக்கி சோடியம் நைத்திரைற்றைச் சேருங்கள், டயசோனியம் உப்பு உண்டாகும், அப்புறம் 2-நப்தோலில் செம்மஞ்சள் சாயம் நன்றாகவே விழும். டயசோனியம் உப்பை மட்டும் உலர விடாதீர்கள், காய்ந்தால் வெடிக்கும். அனிலீன் தோலாலேயே உடம்புக்குள் இறங்கி இரத்தத்தைப் பழுதாக்கும், உதடு நீலம் பாரிக்கும். மெல்லிய கையுறையை நம்பிப் பிள்ளைகளிடம் போத்தலைக் கொடுக்காமல் நீங்களே அளந்து ஊற்றுங்கள்.

கேள்வி: பீனோல் இளஞ்சிவப்பாகி, பாதி தண்ணீராகவும் இருக்கிறது. பழுதா?
– மாணவன், அக்கரைப்பற்று

பதில்: இல்லை தம்பி. சிவப்பு, ஒட்சியேற்றம்; தண்ணீரானது, ஈரம் குடித்ததால். சுத்தமான பீனோல் 41 பாகையில்தான் உருகும், ஈரம் சேர்ந்தால் அந்த உருகுநிலை இறங்கிவிடும். பெரிக்குளோரைட்டில் (இரும்பின் குளோரைட்டு) ஊதா நிறம் பார்க்கவும் புரோமீன் நீரில் வெள்ளை வீழ்படிவு எடுக்கவும் அதுவே காணும், காய்ச்சி வடிக்கப் போகாதே. கையில் பட்டால் முதலில் எரியாது, மரத்துப்போகும், அதனால் பட்டதே தெரியாமல் இருந்துவிடுவார்கள்.